நட்டு கழண்ட கேஸ்!

உங்க வீட்டு கார்ல அலாய் வீல் இருக்கா பாஸ்? அப்ப முதல் வேலையா டிக்கியைத் திறந்து, ஜாக்கி பக்கத்துல விரல் நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி கிடக்கானு பாத்துட்டு வந்து மீதியைப் படிங்க.

அலாய் வீலை யாரும் கழட்டிட்டுப் போயிடக் கூடாதுனு, சக்கரத்துக்கு ஒரு நட்டு மட்டும் ஸ்பெஷலா போடுவாங்க. தலையில பூ மாதிரி வெட்டு இருக்கும். அதே வெட்டுள்ள சாவியைச் சொருகினாதான் கழலும். பேரு லாக் நட். அப்பா வாங்கின செகண்ட் ஹேண்ட் காரோட எங்களுக்கு அது இலவச இணைப்பா வந்துச்சு.

அக்காவுக்குத் திருநெல்வேலியில போட்டித் தேர்வு. மதுரையிலிருந்து இருட்டோட கிளம்பினோம். சாத்தூர் தாண்டினதும் முன்சக்கரம் பஞ்சர். அப்பா பதறவே இல்லை. “தம்பி மெக்கானிக்கல்தானே படிக்கிறான், அஞ்சு நிமிஷத்துல மாத்திருவான்”னு அக்காகிட்ட சொல்லிட்டு ஓரமா நின்னுட்டார்.

மெக்கானிக்கல் என்ன பண்ணினார் தெரியுமா? முதல்ல ஜாக்கியை ஏத்தினார். அந்தரத்துல நின்ன சக்கரம் ஸ்பேனரோட சேர்ந்து சுத்துச்சு! (டயர் தரையில இருக்கும்போதே நட்டைத் தளர்த்திடணும். எந்த செமஸ்டர்லயும் இது வரலை.) திரும்ப இறக்கி, சாதா நட்டு மூணையும் தளர்த்திட்டேன். லாக் நட்டு அசையலை. முன்னாடி டயர் மாத்தினவங்க ஏர் கன்னால இறுக்கித் தள்ளியிருக்காங்க, துரு வேற. சாவி முழுசா உள்ள உட்கார்ந்திருக்கானு பார்க்காம ஸ்பேனர் மேல ஏறிக் குதிச்சேன். ‘டக்!’ சாவியோட பல் போச்சு.

அக்கா திட்டியிருந்தாகூட பரவாயில்லை. ஹால் டிக்கெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துட்டு நின்னா. வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏத்திவிட்டோம். (நேரத்துக்குப் போயிட்டா.)

பக்கத்து டயர் கடையிலிருந்து ஒருத்தர் வந்தார். என் வயசுதான் இருக்கும். துரு இளக்குற எண்ணெயை பிரேக் டிஸ்க்ல படாம அடிச்சார். டீ குடிச்சார். அப்புறம் நட்டைவிட ஒரு பொடி சின்ன பழைய சாக்கெட்டை எடுத்து, சுத்தியலால நட்டு மேல அடிச்சு ஏத்தினார். அது இரும்பைக் கடிச்சுக்கிட்டதும், கம்பியில நீளமா ஒரு பைப்பை மாட்டி நிதானமா அழுத்தினார். குதிக்கலை. ‘க்ரீச்’னு ஒரு சத்தம். கழண்டுடுச்சு!

கணக்கு ரொம்ப சிம்பிள். கால் மீட்டர் ஸ்பேனர்ல 20 கிலோ அழுத்தினா சுமார் 50 நியூட்டன் மீட்டர் டார்க். அதே 20 கிலோ ஒரு மீட்டர் பைப்ல 200. இன்டர்னல்ல இதே கணக்குக்கு நான் ஃபுல் மார்க்! (சில லாக் நட்டுல வெளி வளையம் மட்டும் தனியா சுத்தும். அதுல இந்த சாக்கெட் வித்தை பலிக்காது. கடைக்குத்தான் போகணும்.)

அவர் கடையிலேயே மத்த மூணு சக்கரத்துக்கும் இதே வைத்தியம். லாக் நட்டு எல்லாத்தையும் தூக்கிட்டு சாதா நட்டு போட்டார். காசு வாங்கும்போது, “நீங்க என்ன படிக்கீக?”ன்னார்.

“பி.காம்”னேன்.

அப்பா காதுல விழுந்துடுச்சு. கோவில்பட்டி வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. கடலைமிட்டாய் வாங்க வண்டியை நிறுத்தினப்பதான் வாயைத் திறந்தார்.

“பி.காம்னு முதல்லயே சொல்லியிருந்தா, ஃபீஸ்ல பாதி மிச்சமாகியிருக்கும்லடா?”