எயிட்ஸ் செயலமர்வும் நான் எழுதிய ஒரு செய்தியும்

எனது செய்தி நறுக்குகளை ஒட்டிவைத்திருந்த கோவைகளில் பெரும்பாலானவை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலோடு போய்விட்டன. கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் வீடு வைத்திருந்த எவருக்கும் இது புதிய கதையன்று. சகோதரியின் வீட்டில் கொடுத்து வைத்திருந்ததால் தப்பிய ஒரேயொரு கோவையை அண்மையில் தூசு தட்டியபோது, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் எழுதிய சிறு செய்தியொன்று கண்ணில் பட்டது. பன்னிரண்டு வரிகள் மட்டுமே. கோவையை மூடி வைத்துவிட்டு அன்று பின்னேரம் முழுவதும் வேறெந்த வேலையும் ஓடவில்லை.

வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து திரும்பிய பெண்ணொருவருக்கு எயிட்ஸ் நோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளதாக வைத்தியசாலை வட்டாரங்கள் தெரிவிக்கின்றன என்பதே அச்செய்தி. வட்டாரங்கள் என்று பன்மையில் எழுதியிருந்தேனே தவிர, எனக்குச் சொன்னவர் ஒரேயொரு சிற்றூழியர்தான். அதுவும் தேநீர்க் கடையில். பெண்ணின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஊரையும், வயதையும், எந்த நாட்டிலிருந்து எந்த மாதம் திரும்பினார் என்பதையும் குறிப்பிட்டிருந்தேன். பெயரைத் தவிர்த்ததன் மூலம் பத்திரிகை தர்மத்தைக் காப்பாற்றிவிட்டதாக அக்காலத்தில் நான் மனதார நம்பினேன்.

கல்முனைக்குடியை அறிந்தவர்களுக்கு இந்த நம்பிக்கையின் பேதைமை விளங்கும். பிரதான வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட துண்டு நிலத்தில் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கும் ஊர் இது. ஒரு வீட்டில் ஆணம் கொதித்தால் நான்கு வீடுகளுக்கு மணக்கும். அயலிலுள்ள ஊர்களும் அப்படித்தான். எந்த மாதம் யார் எந்த நாட்டிலிருந்து வந்து இறங்கினார் என்பது அந்தத் தெருவின் குழந்தைக்கும் தெரியும். பத்திரிகை வந்த அன்று லுஹருக்கு முன்பே அப்பெண்ணின் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஓதப் போவது நின்றது. சில வாரங்களில் அக்குடும்பம் ஊரைவிட்டே போனதாகக் கேள்விப்பட்டேன். அதையும் நான் ஒரு செய்தியாக எழுத நினைத்தேன் என்பதை இன்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. எழுதவில்லை, வேறு செய்திகள் குறுக்கிட்டன.

இதன் பின்னர் பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, சுனாமிக்குப் பிந்திய காலத்தில், கல்முனையில் நடைபெற்ற இரண்டு நாள் செயலமர்வொன்றுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. அக்காலத்தில் எங்கள் பிரதேசத்தில் செயலமர்வு நடைபெறாத நாளே இல்லை எனலாம். வாரமொரு பதாகை, கோவையும் பேனையும், மதியச் சாப்பாட்டுப் பொதி, ஈற்றில் ஒரு சான்றிதழ். இதுவும் அவ்வாறே முடியும் என்றுதான் போனேன். எச்.ஐ.வி. தடுப்பிலும் பராமரிப்பிலும் ஈடுபடுவோருக்கான பயிற்சி அது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், மருத்துவ மாதுக்கள், தாதியர், ஆய்வுகூடப் பணியாளர்கள் ஆகியோருடன் பள்ளிவாசல்களிலிருந்து மூன்று பேரும், ஊடகத்திலிருந்து நாங்கள் இருவரும் வந்திருந்தோம். நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு வைத்தியர். அவர் ஆங்கிலத்தில் பேச, இங்குள்ள இன்னொரு வைத்தியர் தமிழில் சொன்னார்.

முதல் நாள் காலையில் அவர் நிகழ்த்திய விரிவுரையில் எனக்குத் தெரிந்த விடயங்களே அதிகமிருந்தன. 1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் முதல் நோயாளர்கள் பற்றிய அறிக்கை வெளியானமை, 1983இல் பாரிஸில் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டமை, 1986இல் சென்னையில் டொக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தமை, மறு ஆண்டு இலங்கையர் ஒருவரில் முதன்முதலாகத் தொற்று கண்டறியப்பட்டமை என்று வரிசையாகச் சொன்னார். நானும் குறிப்பெடுத்தேன். பின்னர் பரிசோதனை முறைகளுக்கு வந்தார்.

முதலாவது இரத்தப் பரிசோதனையில் தொற்று இருப்பதாகக் காட்டினால் அது நோய் நிர்ணயம் ஆகாது என்றார். அது சலித்தெடுக்கும் பரிசோதனை மட்டுமே. தொற்று இல்லாதவரையும் சில வேளை இருப்பதாகக் காட்டிவிடும். மாதிரி கொழும்பிலுள்ள தேசிய உசாத்துணை ஆய்வுகூடத்துக்குச் சென்று உறுதிப்படுத்தப்பட்ட பின்னரே, அதுவும் உரியவருக்கு மட்டும், உளவள ஆலோசனையுடன் சொல்லப்பட வேண்டும். அதுவரை எவரும் எவரிடமும் வாய் திறக்கக்கூடாது.

எனது பேனை நின்றுவிட்டது. தேநீர்க் கடையில் அந்தச் சிற்றூழியர் சொன்ன வார்த்தைகள் எனக்கு அப்படியே நினைவிலிருந்தன: "இரத்தத்தில காட்டியிரிக்காம், கொழும்புக்கு அனுப்பப் போறாங்களாம்." கொழும்பிலிருந்து என்ன முடிவு வந்தது என்று நான் கேட்கவேயில்லை. அப்பெண்ணுக்கு அந்நோய் உண்மையில் இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

தேநீர் இடைவேளையில் வெளியே வந்து நின்றேன். உடன் வந்த சக ஊடகவியலாளர், "என்ன காக்கா, முகம் ஒரு மாதிரி இரிக்கி?" என்று கேட்டார். தலையிடி என்றேன்.

பிற்பகல் அமர்வு கையுறை பற்றியது. இரத்தம் பட வாய்ப்புள்ள வேலைகளின்போது எந்தெந்த நோயாளருக்குக் கையுறை அணிவீர்கள் என்று வைத்தியர் கேட்டார். எயிட்ஸ் உள்ளவருக்கு என்றார் ஒரு தாதி. சந்தேகத்துக்குரியவருக்கும் என்றார் இன்னொருவர். யார் சந்தேகத்துக்குரியவர் என்று வைத்தியர் கேட்கத் தொடங்கியதும் சபையில் சிரிப்பு எழுந்து, பின்னர் அடங்கியது. லொறிச் சாரதி, வெளிநாடு போய் வந்தவர், கடலுக்குப் போகிறவர் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. அனைத்தையும் பலகையில் எழுதிவிட்டு, "இந்த மண்டபத்தில் உள்ளவர்களில் எத்தனை பேருடைய வீட்டில் இப்படியொருவர் இருக்கிறார்?" என்றார். கடலோர ஊர்களில் இதற்குக் கை தூக்காதவர் யார்?

1987ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இதற்கு விடை சொல்லிவிட்டது. எவருடைய இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளுங்கள். ஆளைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். யாரிடம் தொற்று இருக்கிறது என்பது முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. தொற்றிய புதிதில் பரிசோதனைக்கும் அகப்படாத சில வாரங்கள் உண்டு. தாதியரின் அச்சத்தையும் அவர் அலட்சியம் செய்யவில்லை. தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 1000 தடவைக்கு 3 தடவை. செங்கண்மாரியை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரசுக்கோ, தடுப்பூசி போடாதவராயின், அது 100க்கு 30 வரை போகும். ஊசி குத்தினால் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். இக்கணக்கைக் கேட்ட பிறகு முன்வரிசைத் தாதியரின் தோள்கள் சற்றே தளர்ந்ததை நான் பார்த்தேன். அச்சப்படாதீர்கள் என்று நூறு தடவை சொல்வதைவிட அச்சத்தின் அளவைச் சொல்லிவிடுவது மேல் போலும்.

இரண்டாம் நாள்தான் அந்தப் பெரியவர் எழுந்தார். எங்கள் பகுதியில் ஜனாஸா குளிப்பாட்டுகின்றவர். சுனாமியின்போது குளிப்பாட்டவும் வழியின்றி எத்தனையோ உடல்களை அடக்கிய கைகள் அவருடையவை.

"டொக்டர், நீங்க உசிரோட இரிக்கிறவங்களப் பத்தித்தான் பேசுறீங்க. நாளைக்கு அந்த வருத்தத்தில ஒருத்தர் மௌத்தாகினா, மையித்தக் குளிப்பாட்டுற நாங்க என்ன செய்யிற?"

மண்டபம் அமைதியாயிற்று. மருத்துவ நூல்களில் ஓரிரு வரிகளில் கடந்து போகும் இந்த விடயம், முஸ்லிம் ஊரொன்றில் எல்லாக் கேள்விகளையும்விடப் பெரிது. குளிப்பாட்டப்படாமல், கபனிடப்படாமல் போய்விடுவோமோ என்பதைவிடப் பெரிய பயம் ஒரு முஸ்லிம் நோயாளிக்கு வேறில்லை.

குளிப்பாட்டலாம் என்றார் வைத்தியர். இறந்த பின்னரும் சில காலம் இரத்தத்தில் வைரஸ் இருக்கக்கூடும். ஆகவே கையுறையும் நீர் புகாத மேலங்கியும் அணியுங்கள், உங்கள் கையில் காயமிருந்தால் மூடிக்கொள்ளுங்கள், காயங்களிலிருந்து கசியாதவாறு கட்டுப் போடுங்கள், இரத்தம் சிந்திய இடத்தை ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து துடையுங்கள் என்றார். தொடுவதாலோ, கழுவும் நீர் மேலில் தெறிப்பதாலோ பரவுகின்ற நோய் அல்ல இது என்றும் சொன்னார்.

பெரியவர் உட்காரவில்லை. "அது சரி டொக்டர். ஆனா நான் ஒரு மையித்துக்கு மட்டும் கையுறை போட்டா, வாசல்ல நிக்கிற சனம் என்ன நினைக்கும்? அந்த மையித்துக்கு என்ன வருத்தமெண்டு நானே ஊருக்குச் சொன்ன மாதிரியெல்லா ஆகிப் போகும்?"

கொழும்பு வைத்தியருக்கு இது மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டதும் அவர் புன்னகைத்து, "நேற்று முழுவதும் நான் சொல்ல முயன்றதை இவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்" என்றார். பெரியவரே முடிவையும் சொன்னார்: "அப்ப எல்லா மையித்துக்கும் போடணும். என்ட வாப்பாட மையித்தா இருந்தாலும் போடணும்." அதன் பிறகுதான் அமர்ந்தார்.

பிற்காலத்தில் வாசித்தபோது, உகண்டாவில் இஸ்லாமிய மருத்துவச் சங்கத்தினர் 1992ஆம் ஆண்டிலிருந்தே இமாம்களுக்குப் பயிற்சியளித்து, வீடு வீடாகச் சென்று குடும்பங்களோடு பேச வைத்தார்கள் என்றும், அதனை ஐ.நா.வின் எயிட்ஸ் அமைப்பு 1998இல் முன்மாதிரியாக நூலாக்கி வெளியிட்டது என்றும் அறிந்தேன். எங்கள் பெரியவர் உகண்டாவைப் பற்றி அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பயிற்சி என்பது வெள்ளை அங்கி அணிந்தவர்களோடு நின்றுவிட முடியாது என்பதை அவர்களைப் போலவே அவரும் கண்டிருந்தார்.

அன்று மருத்துவ மாது ஒருவர் கேட்டதும் நினைவில் நிற்கிறது. கர்ப்பிணி ஒருவரிடம் இந்த இரத்தப் பரிசோதனையைப் பற்றி எந்தச் சொற்களில் பேசுவது என்பது அவருடைய கேள்வி. கையேட்டிலிருந்த தமிழ் செந்தமிழாக இருந்தது. வீட்டு முற்றத்தில், மாமியார் காது கேட்கப் பேசக்கூடியதாக இல்லை. "உங்களுக்கு மட்டும் எடுக்கிற டெஸ்ட் இல்ல தங்கச்சி, எல்லாத் தாய்மாருக்கும் எடுக்கிற" என்று தொடங்கினால் போதும் என அவர்களுக்குள்ளேயே பேசி முடிவெடுத்தார்கள். அக்காலத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை எல்லாக் கர்ப்பிணிகளையும் சென்றடைந்திருக்கவில்லை. பின்னர் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் உறுதிப்படுத்தியபோது பத்திரிகைகளில் அமைச்சர்களின் படங்கள் வந்தன. நான் அந்த மருத்துவ மாதை நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. குழந்தை நல வைத்தியரான டொக்டர் கமலிகா அபேரத்ன 1995இல் வீதி விபத்தில் சிக்கியபோது ஏற்றப்பட்ட இரத்தத்தினால் தொற்றுக்குள்ளாகி, அதை மறைக்காமல் நாட்டின் முன் வந்து பேசினார்; 2004இல் காலமானார். அவர் அவ்வளவு பேசிய நாட்டில், 2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனைப் பாடசாலையில் சேர்க்கப் பெற்றோர்கள் விடவில்லை. தந்தை எயிட்ஸினால் இறந்தார் என்ற வதந்திதான் காரணம். பிள்ளைக்குத் தொற்றில்லை என்ற மருத்துவச் சான்றும் எடுபடவில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அச்சிறுவனை ஏற்க முன்வந்தது. விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2020இல் கொவிட்டினால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று அரசு நின்றபோதும், மையித்தைப் பற்றிய அதே அச்சத்தைத்தான் கண்டேன்; இம்முறை அது வர்த்தமானியில் வந்தது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கும் வரை பெரியவரின் கேள்வி என் காதில் ஒலித்துக்கொண்டேயிருந்தது. கேட்பதற்கு அவர் அப்போது உயிரோடு இல்லை.

மருந்து இன்று வெகுதூரம் வந்துவிட்டது. ஒழுங்காக மாத்திரை உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த ஒருவரிடமிருந்து தாம்பத்திய உறவின் மூலமாகக்கூடத் தொற்றாது. அப்பெண்ணுக்குத் தொற்று இருந்திருந்தாலும்கூட, இக்காலமாயின் பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வைத்துப் பேரப்பிள்ளைகளையும் கண்டிருப்பார். ஆனால் அம்மாத்திரையைப் பெறுவதற்கு அவர் ஒரு சிகிச்சை நிலையத்தின் வாசலைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே தேநீர்க் கடைக்குப் போகும் சிற்றூழியரும், காத்திருக்கும் நிருபரும் இருப்பார்களே!

செயலமர்வு பற்றிய செய்தியை அன்றிரவே எழுதி அனுப்பினேன். ஆசிரியபீடத்திலிருந்து தொலைபேசியில் பேசிய தம்பி, செய்தி சற்று வரட்சியாக இருப்பதாகச் சொன்னார். "உங்கட பக்கம் யாருக்காவது இருக்கிறதா காக்கா? ஊரைப் போட்டு ஒரு வரி சேர்த்தால் முன்பக்கத்தில் போடலாம்."

இல்லை என்றேன். செய்தி நான்கு நாட்கள் கழித்து உள்பக்கத்தில், பாதியாக வெட்டப்பட்டு வந்தது. பெரியவரின் கேள்வியை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள்.