1,300 வட்டங்கள், ஒரு யூடியூப் லிங்க்

பாத் ஒஃப் எக்சைலில் முதல் லெவல் ஏறினதும் ஒரு படம் திறக்கும். திறமை மரம் என்று பெயர். பார்க்க மரம் மாதிரி இல்லை, கரண்ட் நிண்ட இரவில தெரியிற வானம் மாதிரி இருக்கும். 1,300க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வட்டங்கள், அவற்றைத் தொடுக்கிற கோடுகள். ஏழு வகுப்புக்கும் இந்த ஒரே மரம்தான், தொடங்குகிற இடம் மட்டும் வேற. கடைசி வரை விளையாடினாலும் ஒரு கரக்டருக்குக் கிடைப்பது சுமார் 120 புள்ளிகள். கோடரி தூக்குகிற முரடனாகத் தொடங்கி, அப்படியே நடந்து மந்திரவாதியின் பக்கம் போய்க் குடியிருக்கலாம். ஆரும் மறிக்க மாட்டினம். உயிரின் அளவை 1 ஆக இறக்கிப்போட்டு, மேலே இருக்கிற மாயக் கவசத்தை மட்டும் நம்பி வாழச் சொல்லுற வட்டம் ஒன்று இருக்கு. மனாவுக்குப் பதிலாகச் சொந்த உயிரைச் செலவழித்து வித்தை காட்டச் சொல்வது இன்னொன்று.

இப்படியான கேமுக்குள் புதிதாக வருகிற ஒருவருக்குப் பழைய ஆட்கள் சொல்கிற முதல் வார்த்தை என்ன தெரியுமா? "முதல் தரம் எண்டா ஒரு கைட்டைப் பார்த்து அப்பிடியே போடு." கூடவே ஒரு யூடியூப் லிங்க் வரும்.

எங்கட கூட்டத்தில் இது தீராத சண்டை. காசில்லாமல் கிடைக்கிற கேம் என்பதால் நாங்கள் எல்லாரும் இரவு டேட்டாவில் அதை இறக்கி ஒரே காலத்தில் உள்ளே வந்தனாங்கள். பாதிப் பேர் லிங்க் கட்சி. "இருக்கிறது ரெண்டு மணித்தியாலம். அதில உருப்படாத கரக்டரை வச்சு இழுபடச் சொல்லுறியா?" என்பது அவர்களின் கேள்வி. மற்றப் பாதி, "லிங்க்கைப் பார்த்து விளையாடுறதெண்டா நீ எதுக்கு? அந்த யூடியூப்காரனே விளையாடலாமே" என்று கேட்கிற கட்சி. மாறி மாறிக் கதைச்சதில் ஒரு விசயம் மட்டும் எங்களுக்குத் தெளிவாகியிருக்கு. பில்ட் சுதந்திரம் என்பது எத்தனை தெரிவு இருக்கு என்பதில் இல்லை. பிழையான தெரிவுக்கு அந்தக் கேம் என்ன விலை கேட்குது என்பதில்தான் இருக்கு.

டயப்லோ 2 இலிருந்து பார்க்கலாம். 2000 ஆம் ஆண்டு வந்தது. எங்களில் கனபேருக்கு அண்ணாமாரின் பழைய கொம்பியூட்டரில இருந்து தொத்தின வருத்தம் அது. ஒவ்வொரு லெவலுக்கும் 5 புள்ளிகள். பலம், லாவகம், உயிர்ச்சக்தி, எனர்ஜி என்று நாலு இடத்தில் விரும்பினபடி போடலாம். கூடவே திறமைக்கு 1 புள்ளி. போட்டால் போட்டதுதான், திருப்பி எடுக்கேலாது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கு: உன் வீரனை நீயே செதுக்கு, உன் முடிவோட நீயே வாழ். நடைமுறையில் என்ன நடந்தது? உடுப்புப் போடத் தேவையான அளவு பலம், கேடயத்துக்குத் தேவையெண்டால் கொஞ்சம் லாவகம், மிச்சம் முழுக்க உயிர்ச்சக்தி, எனர்ஜிக்குப் பூச்சியம். மாயக் கேடயம் போடுகிற சில சூனியக்காரிகளை விட்டால், எல்லா வகுப்புக்கும் இதே விடைதான். நாலு கதவு வைத்த வீட்டில் எல்லாரும் ஒரே கதவால் போய் வந்தார்கள்.

திறமைப் புள்ளிகளின் கதை இன்னும் மோசம். நல்ல வித்தைகள் லெவல் 30 இல்தான் திறக்கும். அதுக்கு முதல் புள்ளியைச் செலவழித்தால் வீண் என்பதால், கனபேர் புள்ளிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கையில் ஒண்டும் இல்லாதவன் மாதிரி லெவல் 30 வரை போனார்கள். தீபாவளிச் சட்டையை அடுத்த தீபாவளி வரைக்கும் பெட்டிக்குள்ள வச்ச மாதிரி. பிழைவிட ஏலாத இடத்தில் ஆரும் துணிந்து ஒண்டும் செய்து பார்க்கிறதில்லை. 2003 இல் வந்த 1.10 பட்ச், ஒரு வித்தைக்குப் போட்ட புள்ளி இன்னொரு வித்தையையும் பலப்படுத்துகிற முறையைக் கொண்டுவந்தது. அதோட வித்தைகளின் கணக்கே மாறிப்போச்சு. புள்ளிகளைத் திருப்பி எடுக்கிற வசதி வந்தது 2010 இல், கேம் வெளிவந்து பத்து வருசத்துக்குப் பிறகு. சுத்தியலைச் சுழல விடுகிற பலடின் இண்டைக்கும் அந்தக் கேமின் ராசாக்களில் ஒருத்தன்தான்.

அப்ப விலையை இல்லாமல் செய்தால் சரியாகுமா? 2012 இல் டயப்லோ 3 அதைத்தான் செய்தது. பலம், லாவகம் எல்லாம் தானாக ஏறும். வித்தைகளை நினைத்த நேரம் மாற்றலாம், காசில்லை, கூலியில்லை. ஆனால் அங்கே இன்னொன்று நடந்தது. "இது என்ர கரக்டர்" என்று சொல்ல ஒண்டும் மிஞ்சவில்லை. ஒரே வகுப்பு, ஒரே லெவல் எண்டால் என்ர ஆளும் உன்ர ஆளும் ஒண்டுதான், சட்டை மட்டும் வேற. பிறகு அந்தச் சட்டையே எசமானாக வந்துது. ஆறு துண்டு சேர்ந்த செட் ஒன்றைப் போட்டால் குறிப்பிட்ட ஒரு வித்தையின் அடி பல ஆயிரம் சதவீதம் கூடும். அந்த வித்தையை விட்டு வேறொன்றைப் பிடிச்சால் மேல் மட்டங்களில் அடியே விழாது. எதையும் தெரிவு செய்யலாம், ஆனால் சட்டை சொல்லுறதைத்தான் செய்யலாம். எங்கட பார்வையில் டயப்லோ 2 இனை விட இது கூடின அலுப்பு. அங்கே பிழைவிட்டவனுக்குச் சொல்ல ஒரு கதையாவது இருந்தது.

இனி பாத் ஒஃப் எக்சைலுக்குத் திரும்பி வந்தால், அந்த லிங்க் ஏன் வருகிறது என்று விளங்கும். கேமின் ஐந்தாம் பாகம் முடிய ஒருக்கா, பத்தாம் பாகம் முடிய இன்னொருக்கா, நெருப்பு, குளிர், மின்னலைத் தாங்கிற உங்கட எதிர்ப்புச் சக்தியில 30 சதவீதப்படி வெட்டி எடுத்துவிடும். அதுக்குப் பிறகு மூண்டையும் 75 சதவீதத்துக்குக் கொண்டுவராமல் வெளியில் காலெடுத்து வைக்கேலாது. வரி கட்டின பிறகுதான் சம்பளம் கையில். பிந்தின கட்டங்களில் ஒருக்கா செத்தால் அந்த லெவலுக்கான அனுபவத்தில் 10 சதவீதம் போகும். ஒரு புள்ளியைத் திருப்பி எடுக்க கனகாலமாக ஒரு வருத்த உருண்டை வேண்டியிருந்தது. அதுக்குப் பெயரே அப்படித்தான், ஆங்கிலத்தில் இன்னும் சோகமாக இருக்கும். கேம் சில உருண்டைகளுக்குச் சமனான திருப்பல்களை இலவசமாகத் தரும். ஆனால் பாதி மரத்தைத் தப்பான திசையில் நட்டவருக்கு அது காணாது. மூண்டு நாலு மாதத்துக்கு ஒருக்கா புது லீக் தொடங்கும், எல்லாரும் பூச்சியத்தில் இருந்து. வேலைக்கோ கம்பஸுக்கோ போய்வந்து விளையாடுகிறவருக்கு ஒரு லீக்கில் ஒரு கரக்டர்தான் கட்டுப்படியாகும். அது லெவல் 70 இல் படுத்திட்டுது எண்டால் அவ்வளவுதான், அடுத்த லீக்.

ஆகவே லிங்க் கட்சியைச் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். நேரம் குறைஞ்ச ஆளுக்கு பில்ட் கைட் என்பது காப்புறுதி. அதோட, அந்தக் கட்சியின் பலமான வாதத்தை எங்கட கூட்டத்தில் ஒருத்தன் வாயால் சொல்லாமலே நிரூபித்துக்கொண்டு இருக்கிறான். விளையாடுகிறவர்களே உருவாக்கின 'பாத் ஒஃப் பில்டிங்' என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கு. மரத்தில் ஒரு வட்டத்தை அழுத்தினால் அடி எவ்வளவு கூடும், உயிர் எவ்வளவு குறையும் என்று உடனே கணக்குக் காட்டும். அவன் கேமுக்குள் இருக்கிற நேரத்தை விட அதற்குள் இருக்கிற நேரம் கூட. ஒரு பேய் கூட அடிபடாது, ஒரு காசும் விழாது, எண்கள் மட்டும் மாறும். முகத்தைப் பார்த்தால் கிரிக்கெட் கடைசி ஓவர் பார்க்கிற ஆள் மாதிரி. உச்ச பில்ட்டைத் தேடுகிற வேலையே அவனுக்கு விளையாட்டு. இந்தக் கேமில் ஆகச் சுதந்திரமாக விளையாடுகிறவர்கள் கைட் எழுதுகிறவர்கள்தான் என்று எங்களுக்குத் தோன்றுவது இதனால்தான். வாசிக்கிற எங்களுக்கு வருவது அவர்கள் விளையாடி முடிச்ச மிச்சம்.

சிவிலைசேஷன் 4 இன் வடிவமைப்பாளர் சோரன் ஜோன்சன் ஒருமுறை எழுதியது பலருக்குத் தெரிந்திருக்கும்: இடம் குடுத்தால் ஆட்டக்காரர் ஆகக் கூடின லாபத்தைத் தேடித் தேடி, கேமில் இருக்கிற சுவாரசியத்தையே கழித்துவிடுவார் என்ற பொருளில். பாதி உண்மை. மற்றப் பாதி, அந்த லாபத்துக்கும் நட்டத்துக்கும் இடையில் இவ்வளவு பெரிய பள்ளத்தை வெட்டி வைத்தது ஆர் என்ற கேள்வி.

பள்ளம் சின்னதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை எல்டன் ரிங்கில் பார்த்தோம். அது வெளிவந்தது 2022 பெப்ரவரி 25. இலங்கையில் இருந்த ஆருக்கும் அந்த மாதங்களை நினைவுபடுத்தத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எங்களில் ஒருத்தனிட்ட மட்டும்தான் அந்தக் கேமை ஓட்டக்கூடிய கொம்பியூட்டர். கரண்ட் வாற போற அட்டவணையைப் பார்த்து அவன் வீட்டில் கூடுவோம். ஆளுக்கு ஒரு கரக்டர், ஆளுக்கு முக்கால் மணித்தியாலம். அவன்ர அம்மா பிளேன்ரீ கொண்டுவந்து வச்சிட்டு, "டீசலுக்கு வரிசையில நிக்கிற ஊரில நீங்கள் பேயோட சண்டை பிடிக்கிறியள்" என்று சொல்லிப்போட்டுப் போவா.

முக்கால் மணித்தியாலம்தான் எண்டால் கைட் பார்க்கிறது புத்திசாலித்தனம் என்று வீட்டுக்காரன் முடிவெடுத்தான். ஒரு ஏரியில், காலடித் தடம் மட்டும் தெரியிற ஒரு வண்டை அடிச்சால் ஹோர்ஃப்ரொஸ்ட் ஸ்டொம்ப் என்ற வித்தை கிடைக்கும். காலால் நிலத்தை ஒரு மிதி மிதித்தால் பனி சீறிக்கொண்டு போய் எதிரே நிற்கிறதை எல்லாம் வெட்டும். அந்த நாட்களில் இணையம் முழுக்க அதுதான் கதை. மற்றப் பக்கம், எங்களில ஒருத்தி சவுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டாள். ஏன் எண்டால் பார்க்க வடிவாம்.

மார்ச் நடுப்பகுதியில் 1.03 பட்ச் வந்தது. ஸ்டொம்ப்பின் அடி குறைஞ்சுது, மிதிக்க எடுக்கிற நேரம் கூடிச்சுது. கேம் வந்து மூண்டு கிழமைதான். வீட்டுக்காரன் ரெண்டு நாள் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. சவுக்குக்காரிக்கு ஒரு மாற்றமும் இல்லை. இழக்கிறதுக்கு அவளிட்ட என்ன இருந்தது? ஒவ்வொரு பெரிய எதிரியிலும் அவள் எங்களை விட இரண்டு மடங்கு தரம் செத்தாள், அது உண்மை. ஆனால் செத்துச் செத்துப் போய்க்கொண்டே இருந்தாள். அந்தக் கேமில் உருண்டு தப்புகிற அந்தக் கணத்துக்கு நீங்கள் என்ன பில்ட் என்ற கேள்வி கிடையாது. ஆயுதத்தை மேம்படுத்திக்கொண்டே வந்தால் எந்த ஆயுதமும் ஓரளவுக்குக் கடிக்கும். ஒரு வாசலில் முடியாவிட்டால் குதிரையைத் திருப்பி வேறு பக்கம் போகலாம். கைப்பழக்கம் எண்களின் கடனைக் கட்டிவிடுகிறது.

அதே வருசம் பிரபலமான ஒரு ஆளை இங்கே சொல்லாமல் விடேலாது. தலையில் சட்டி, இடுப்பில் ஒரு துணி, கையில் இரண்டு கட்டானா. மலேனியாவிடம் தோற்றுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஆட்களின் உலகத்துக்குள் போய், அவர்களைச் சும்மா நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக அவளை அடித்துக் கொடுத்தவர். "பாத்தியா, பில்ட் தேவையில்லை!" என்று சவுக்குக் கட்சி கொண்டாடியது. கொஞ்சம் பொறுங்கோ. அந்தக் கட்டானாக்களில் ஒன்று ரிவர்ஸ் ஒஃப் பிளட், அப்போதைய கைட் எல்லாவற்றிலும் முதலிடத்தில் இருந்த வாள். உடுப்பில்லாததுதான் அவருடைய தெரிவு, வாள் ஊரோட ஒத்தது. எங்களுக்கு அந்தக் கலவை பிடித்திருக்கு.

இந்த இடத்தில் எங்களில் ஒருத்தர் கட்டாயம் உயர்தரத்தைக் கொண்டுவந்து நுழைப்பார். கணிதம் அல்லது உயிரியல் எடு, அதுதான் உச்ச பில்ட். கலை எடுத்தால் எனர்ஜியில் புள்ளி போட்ட மாதிரி. எங்கட வீடுகளில் கைட் எழுதுகிறவை மாமாமார். மூண்டு தரம் சோதனை எடுக்கலாம், வருத்த உருண்டை மூண்டு. சிரிக்கலாம், ஆனால் இதில் ஒரு பொருத்தம் இருக்கு: பிள்ளை பிழைவிட்டால் தாங்கிற வசதி இருக்கிற வீட்டில் மாமாவின் குரல் மெதுவாகத்தான் கேட்கும். இதுக்கு மேல இழுத்தால் கேமும் போய்விடும், உயர்தரமும் போய்விடும். விடுவோம்.

பாத் ஒஃப் எக்சைல் 2 கடந்த 2024 டிசம்பரில் முன்னோட்டமாக வந்தபோது, புள்ளியைத் திருப்பி எடுக்க உருண்டை வேண்டாம், தங்கம் போதும் என்று ஆக்கியிருந்தார்கள். தங்கம் எண்டால் விளையாட விளையாடத் தானாகச் சேருவது. லெவல் கூடக் கூட விலையும் கூடும், எண்டாலும் ஒரு மாலை நேரத்தில் உழைத்துவிடலாம். பிழைக்கு ஒரு விலை இருக்கு, ஆனால் அது வீட்டை விற்கிற விலை இல்லை. எங்களுக்கு இதுதான் இதுவரைக்கும் பார்த்ததில் நியாயமான கணக்கு. அதோட, ஒரே எதிரியிடம் பத்துத் தரம் சாகும் வரைக்கும் ஆரும் ஆருக்கும் லிங்க் அனுப்பக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு சட்டமும் போட்டோம். அதை முதல் மீறினது ஆர் என்று சொல்லத் தேவையில்லை.

போன கிழமை அவன் குழுவில் மறுபடியும் ஒரு லிங்க் போட்டான். இந்த முறை யூடியூப் இல்லை, கணக்குப் பார்த்துப் பார்த்து அவனே கட்டின பில்ட். மூண்டு பேர் திறந்து பார்த்தார்கள். சவுக்குக்காரி எடுத்துப் போட்டாள், ஆனால் இரண்டு வட்டத்தை மாற்றிப்போட்டு. "அதால 6 சதவீதம் அடி குறையுது, ஏன் மாத்தினனீ?" என்று அவன் கேட்டிருக்கிறான். மறுமொழி இன்னும் வரேல்லை.