காலண்டரில் தொங்கிய சாவி



எங்க அக்காவுக்குக் கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் ஈமெயிலில் வரும் என்றார்கள். பிள்ளைச்சாவடியில் எங்கள் வீட்டில் இருப்பது அப்பாவின் பழைய செல்போன் ஒன்றுதான். அதிலுள்ள மெயில் ஆப்பில் அக்காவின் ஜிமெயிலைச் சேர்க்கப் போனேன்.

சரியான பாஸ்வேர்டு போட்டும் திறக்கவில்லை. வெறும் பாஸ்வேர்டு மட்டும் கேட்கும் ஆப்களை 2022 மே 30-க்குப் பிறகு கூகுள் விடுவதில்லையாம்! இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து, அந்த ஆப்புக்கென்றே தனியாக 16 எழுத்து பாஸ்வேர்டு வாங்கினேன். போர்ட் 993, பாதுகாப்பு எஸ்.எஸ்.எல். என்று வைத்தேன். இப்படி வைத்தால் கடிதம் திறந்த போஸ்ட் கார்டாக வராது. ஒட்டிய கவராக வரும். போன் தொலைந்தாலும் அந்த 16 எழுத்தை ரத்து செய்தால் போதும்.

மறக்காமலிருக்க அதை வாசல் பக்கத்துக் காலண்டரில் எழுதி வைத்தேன். பார்த்த அக்கா கத்தினாள்:

"டேய், கதவப் பூட்டிட்டு சாவிய வாசல்லயே மாட்டி வச்சிருக்கியே!"

வெட்கமாப் போச்சு. அன்றே அதை ரத்து செய்து புதிது வாங்கினேன். எங்கும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. முதலில் படித்தது அக்காதான்!

நண்பர்களே, உங்க வீட்டுக் காலண்டரையும் ஒருதரம் பாருங்க.