டிஸ்க்குக்கு முன்னால் செய்ய வேண்டியது

பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப்பைக் கோவைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர் முதலில் கேட்பது முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். ஆசையில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. இந்த வண்டிகளில் பயப்பட வேண்டியது ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டருக்கு. நான்கு சக்கரத்துக்கும் ஆயில் ஒரே வழியில் போவதால், ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். அமெரிக்காவில் 1968-லேயே புதிய கார்களுக்கு இரட்டை வழியைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எனவே என் கணக்கில் முதல் செலவு இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், புது பைப், புது ஹோஸ். மாட்டிய பிறகு வெளியே ஒன்றும் தெரியாது. அதனாலேயே பலருக்குக் காசு எடுக்க மனசு வருவதில்லை.

இந்த வண்டிகளில் இருக்கும் டிரம் பிரேக் சூடேறினால் பிடி விட்டுவிடுமே என்பார்கள். விடும்தான். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் 700 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். இரண்டு டன் வண்டியை அவ்வளவு தூரமும் பிரேக்காலேயே பிடித்து இறக்கினால், 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு பிறக்கும். டிஸ்க் அந்தச் சூட்டைச் சீக்கிரம் காற்றில் விடும், நனைந்தாலும் சட்டென்று பிடிக்கும். சூட்டின் அளவைக் குறைக்காது. ஏறிய கியரிலேயே இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பிரேக் ஆயிலையும் பார்க்க வேண்டும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் உறிஞ்சியது 140 டிகிரியிலேயே கொதித்துப் பெடலைத் தொளதொளவென்று ஆக்கிவிடும், டிஸ்க் இருந்தாலும்.

இதெல்லாம் முடிந்தபின் டிஸ்க் போடலாம். டிரம் ஷூ சக்கரச் சுழற்சியிலேயே இழுபட்டுத் தன்னை இறுக்கிக்கொள்ளும். டிஸ்க் பேடுக்கு அந்த உதவி கிடையாது, ஆகவே பெடல் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் வேண்டும். லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும், டிரம்முக்கான மிச்ச அழுத்த வால்வு முன்பக்கத்தில் இருந்தால் பேட் ஓயாமல் உரசும். வண்டியின் அசல் தன்மை கெடுமே என்ற மறுப்பு நியாயமானது. 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜாகப் பதிவதற்கான 2021-ஆம் ஆண்டு விதி சேசிஸ், பாடி, எஞ்சின் மாற்றங்களை ஏற்பதில்லை. மாஸ்டர் சிலிண்டரை சேசிஸை வெட்டாமல் பிராக்கெட்டில் மாட்டினால் பழையதைத் திருப்பி வைக்கலாம். பிக்கப்புக்கே உரிய சிக்கல் வேறு: பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிய வண்டிக்கும் காலியாகத் திரும்பும் வண்டிக்கும் பின்சக்கரத்தின் மேல் விழும் எடை ஒன்றல்ல. காலி வண்டியில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வால் சுற்றும். பாரத்துக்கேற்பப் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைப் பொருத்தி, ஆளில்லாத சமதளத்தில், காலி வண்டியில் முதலில் சோதிக்க வேண்டும். பாரம் ஏற்றிய சோதனை அதற்குப் பிறகு.