ஒரு எஸ்பிரெஸோ கருவிக்கு மூன்று கொட்டேஷன்

அரசு அலுவலகத்தில் ஒரு நாற்காலி வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். ஸ்டோர்ஸ் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஓய்வுக்குப் பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பயணத்துக்குக் கையடக்க எஸ்பிரெஸோ கருவி ஒன்று வாங்கலாம் என்றதும், பழைய டைரியில் கோடு போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் எழுதிவிட்டேன்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்பீர்கள். என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. வழிக் கடைகளில் "சர்க்கரை போடாதீங்க" என்று சொன்னாலும் பாதி நேரம் இனிப்பாகத்தான் வருகிறது. ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் தள்ளிவிடுவாள். மத்தியானம் தலைவலி என்று படுத்துவிடுவாள். டிசம்பரில் பேரப்பிள்ளைகள் கொடைக்கானலில் கூடாரத்தில் தங்கலாம் என்று கூப்பிட்டபோது, "நான் வரலைங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். குளிருக்குப் பயந்து அல்ல, காப்பிக்காகத்தான்.

நம் ஃபில்டரையே எடுத்துப் போகலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அது சொட்டுச் சொட்டாக இறங்க அரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். ஓடும் ரயிலில் நடக்காது. முதல்நாள் இரவே இறக்கி ஃபிளாஸ்கில் ஊற்றிய டிகாஷன் காலையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எஸ்பிரெஸோவும் ஒருவகை டிகாஷன்தான். ஃபில்டரில் தண்ணீர் தானாக இறங்குகிறது. இதில் சுமார் 9 பார் அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் பிழிந்து எடுக்கிறார்கள்.

முதல் கொட்டேஷன், மோக்கா பாத்திரம். இத்தாலியில் 1933இல் பியாலெட்டி கொண்டுவந்தது. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது 'கஃப்தியேர் இத்தாலியேன்'. அடியில் தண்ணீர், நடுவில் தூள், மேலே காப்பி. ஆயுசுக்கும் உழைக்கும். அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான். ஆனாலும் பாலுக்கு ஈடுகொடுக்கும். ஆனால் அடுப்பு வேண்டும். ரயிலில் கேஸும் கூடாது, மின்சாரக் கெட்டிலும் கூடாது. அலுமினியப் பாத்திரம் இண்டக்‌ஷனில் சூடேறவும் செய்யாது.

இரண்டாவது, கையால் பம்ப் அடிக்கும் வகை. நானோபிரெஸோ, ஹேண்ட்பிரெஸோ என்றெல்லாம் வருகிறது. பெட்டியில் 16 பார், 18 பார் என்று போட்டிருப்பார்கள். நண்பர் வீட்டில் அடித்துப் பார்த்தேன். காப்பி அருமை, மேலே பொன்னிற நுரைகூட வந்தது. ஆனால் விரல் மூட்டு வீங்கிய கைக்கு நாலைந்து அடிக்கு மேல் முடியவில்லை. என் மனைவிக்கு அதுவும் முடியாது. பட்டியலில் பார் கணக்குக்குப் போட்டிருந்த பத்தியை அன்றைக்கே அடித்துவிட்டு, 'கை' என்று ஒரு பத்தி சேர்த்தேன்.

மூன்றாவது, ஏரோபிரஸ். 2005இல் அமெரிக்கர் ஆலன் ஆட்லர் கொண்டுவந்தது. பெரிய சிரிஞ்சு போல இருக்கும். தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, டம்ளர் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் போதும். விரலுக்கு வேலை இல்லை, உடம்பின் பாரமே இறக்கிவிடும். பிளாஸ்டிக் என்பதால் கனமும் இல்லை. இது எஸ்பிரெஸோவே அல்ல என்று ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வது சரிதான், நுரையும் வராது. பால் இல்லாமல் சின்னக் கோப்பையில் குடிப்பவர், கையில் வலுவிருந்தால் பம்ப் வகையையே வாங்கலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது வெந்நீர். பம்ப் வகைக்குத் தண்ணீர் 90 டிகிரிக்கு மேல் வேண்டும். அதோடு கருவியையும் முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஏரோபிரஸுக்கு 80 டிகிரியே போதும் என்கிறார் ஆட்லர். வீட்டில் கொதிக்கவைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிய தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் உதவும். மலையிலோ ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே அடுப்பிலிருந்து இறக்கியதும் ஊற்றலாம்.

வாங்கியாயிற்று. வீட்டில் ஒரு வாரம் சோதனையும் நடந்தது. "ஃபில்டர் காப்பி மாதிரி இல்லை, ஆனா குடிக்கலாம்" என்று மேலிடத்தில் ஒப்புதல் கிடைத்து, பயணமும் உறுதியானது.

தூளைப் பற்றி ஒன்று. எந்தக் கருவியானாலும் சிக்கரி கலக்காத தூளாகக் கேளுங்கள். சிக்கரி ஊறிப் பிசுபிசுத்துக்கொண்டு தண்ணீரை எளிதில் இறங்க விடாது. (பிரான்சில் சிக்கரி பெருகியதே 1806இல் நெப்போலியன் ஆங்கிலேயச் சரக்குகளைத் தடுத்து, காப்பிக்கொட்டை அரிதானதால்தான்.) கடையில் ஃபில்டருக்கு அரைப்பதைவிடச் சற்று நைசாக அரைக்கச் சொன்னேன். இருவருக்கு 15 கிராம் தூள், அரை டம்ளர் வெந்நீர். பால் மட்டும் மலையில் வாங்கிக்கொள்ளலாம்.