எஃகா, பிளாஸ்டிக்கா?
கைத்துப்பாக்கிக்காரர்களில் இரண்டு கட்சி உண்டு. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட், பிடியின் பட்டை தவிர எல்லாம் எஃகு. தோட்டா இல்லாமலே ஒரு கிலோவுக்கு மேல். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த க்ளாக் 17-க்கு உடம்பு பாலிமர்; குழாயும் மேல்பகுதியும் எஃகு. முக்கால் கிலோகூட வராது.

குறி பார்த்துச் சுட கனம் நல்லது. உதைப்பை வாங்கிக்கொள்ளும். நாளெல்லாம் இடுப்பில் சுமக்கிறவருக்கு அதே கனம் எமன். அப்ப லேசானதே மேல்னு அவசரப்படாதீர்கள். கோல்டில் கட்டைவிரலால் தள்ளுகிற பூட்டு உண்டு. வழக்கமான க்ளாக்கில் அது கிடையாது, வெளிப்பூட்டு விசையிலேயேதான். தோட்டா ஏற்றியிருக்கும்போது அங்கே விரல் தவறி அழுத்தினால் போச்சு! எனக்கென்னவோ, இடுப்பில் இருப்பதே மறந்துபோகிற துப்பாக்கியிடம்தான் பயம்.