முள் காட்டாத அழுத்தம்

பாரம் இழுக்கும் டீசல் வண்டிக்காரர்களுக்கு வேகமானியைவிட நெருக்கமான முள் ஒன்று உண்டு. டர்போ எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றைத் திணிக்கிறது என்று காட்டும் பூஸ்ட் முள் அது. சமதரையில் ஐந்து, ஆறு பிஎஸ்ஐயில் சோம்பிக் கிடக்கும். பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் மிதித்தால் 25, 30 என்று எழும்பும். யாருக்காவது ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்றால் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “எவ்வளவு பூஸ்ட் வைத்திருந்தீர்கள்?” என்பதுதான்.

அந்தக் கேள்வி பாதிதான் சரி. சர்ரேயில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணைக்காக உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அண்ணையிடம் ஒரு டீசல் பிக்கப்பும், மூன்று கார் ஏற்றும் நீண்ட டிரெய்லரும் உண்டு. வான்கூவர் பக்கம் ஏலத்தில் எடுத்த கார்களைக் கம்லூப்ஸ் வியாபாரிகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். வழி, 1986இல் திறக்கப்பட்ட கோக்விஹல்லா நெடுஞ்சாலை. கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஹோப் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டருக்குள் 1,244 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். அந்தச் சாலையில் கவிழும் லாரிகளை மீட்பவர்களை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடரே எடுத்தார்கள் என்றால் அதன் குணம் விளங்கும்.

அவருடைய மகள் அந்த வருஷம் பல்கலைக்கழகம் சேர்ந்திருந்தாள். வாரத்துக்கு இரண்டு நடை போதவில்லை, மூன்றாவது வேண்டும். யாரிடமோ ஒரு டியூனர் கருவியை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, நீர் கொம்பியூட்டர் ஆள்தானே. இதை ஒருக்கா வண்டியிலை ஏத்தித் தாரும். நூறு குதிரை கூடுமாம்.”

ஏற்றுவது எனக்குப் பத்து நிமிட வேலை. அதற்கு முன் அந்தக் கோப்பு எதையெல்லாம் மாற்றுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மூன்றை மாற்றுகிறது: டீசலின் அளவைக் கூட்டுகிறது, அதைச் சற்று முன்கூட்டியே பீய்ச்சுகிறது, டர்போவிடம் கூடுதல் பூஸ்ட் கேட்கிறது. முள்ளில் தெரிவது மூன்றாவது மட்டும்தான்.

முப்பது பிஎஸ்ஐ என்பது இரண்டு பார். அந்த அழுத்தம் எந்த சிலிண்டர் ஹெட்டையும் அசைக்காது. ஆனால் டீசல் எஞ்சின் அந்தக் காற்றை ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக நசுக்குகிறது. டீசல் பற்றுவதற்கு முன்பே உள்ளே 100 பாரைத் தாண்டிவிடும். அதன் மேல் எரிதல் சேர்கிறது. பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே டீசல் பற்றினால் உச்ச அழுத்தம் இன்னும் ஏறும். ஆகவே பூஸ்ட் முள் அதே 30இல் நின்றாலும், டீசல் பீய்ச்சும் நேரத்தைப் பொறுத்து உள்ளே நடப்பது வேறாக இருக்கலாம். உச்ச அழுத்தத்தைக் காட்ட ஓட்டுநரின் முன்னால் எந்த முள்ளும் கிடையாது.

கணக்கை டன்னில் போட்டுக் காட்டினேன். சிலிண்டர் விட்டம் 95 மில்லிமீட்டர், உச்ச அழுத்தம் 150 பார் என்று கொள்வோம். முழுச்சுமையில் இது மிகையான எண் அல்ல. ஹெட்டை மேலே தள்ளும் விசை கிட்டத்தட்ட 10.8 டன். இது ஒரு சிலிண்டருக்கு மட்டும். எஞ்சின் 2,400 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 20 முறை இந்த அடி விழும். எதிர்த்து நிற்பவை சில போல்ட்டுகள். அவை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு இரும்புப் பரப்புகளுக்கு நடுவே, சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனில், கேஸ்கெட். ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் குளிர்நீர்.

இதற்கு உலகறிந்த பாடம் ஒன்று இருக்கிறது. அண்ணையின் வண்டி வேறு ரகம், பழுதும் இல்லாதது. ஆனாலும் அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். ஃபோர்டு தன் பெரிய பிக்கப்புகளில் 2003 முதல் 2007 வரை வைத்த 6.0 லிட்டர் வி8 எஞ்சின், நாவிஸ்டார் தயாரித்தது. அதற்கு முந்தைய 7.3 லிட்டர் எஞ்சினில் ஒவ்வொரு ஹெட்டையும் 18 போல்ட் பிடித்தன. புதியதில் அதைவிடத் தடித்த 10 போல்ட். ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்குதான், அதிலும் பக்கத்துச் சிலிண்டரோடு பங்கு. லிட்டர் குறைந்தது, ஆனால் குதிரைத்திறன் 325ஆக ஏறியது.

அந்த எஞ்சினில் கேஸ்கெட் போனதற்குப் பூஸ்ட் மட்டும் காரணமில்லை. ஆயில் கூலரின் மெல்லிய பாதைகள் வார்ப்பு மணலாலும் கூலண்ட் கழிவாலும் அடைபடும். அதைத் தாண்டி இருக்கும் ஈஜிஆர் கூலருக்கு நீர் குறையும், அது சூட்டில் வெடித்துக் கூலண்டைக் காற்றுப் பாதைக்குள் விடும். டர்போவின் நகரும் இதழ்கள் கரி பிடித்து ஒட்டிக்கொண்டால் பூஸ்ட் கேட்ட அளவைத் தாண்டிக் குதிக்கும். இவையெல்லாம் சேர்ந்து போல்ட்டை இழுக்கும். ஹெட் ஒரு மயிரிழை எழும்பினால் போதும், எரிவாயு குளிர்நீருக்குள் புகும், கூலண்ட் தொட்டி பொங்கி வழியும். தொட்டி மூடி தாங்குவது 16 பிஎஸ்ஐதான்.

டியூனர் ஏற்றியவர்களின் வண்டிகளில் இது சீக்கிரம் நடந்தது. பலர் உறுதியான ஸ்டட்டுகளைப் போட்டார்கள். ஆயில் கூலரைக் கவனிக்காமல் ஸ்டட் மட்டும் போட்டவர்களுக்கு ஈஜிஆர் கூலர் மறுபடியும் வெடித்தது. அந்த எஞ்சினில் ஹெட்டைக் கழற்ற, வண்டியின் கேபினையே சட்டத்திலிருந்து தூக்குவது பட்டறைகளில் வழக்கம். வாரண்டிச் செலவை யார் சுமப்பது என்று 2007இல் ஃபோர்டு நாவிஸ்டார்மீது வழக்குப் போட்டு, 2009இல் சமரசமானது. அதற்குள் வாரண்டி முடிந்துபோன வண்டிக்காரர்கள் தங்கள் செலவைத் தாங்களே சுமந்தார்கள்.

மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றிச் சோறு தின்பவன் நான். எண் மாறுவது சுலபம் என்பதால் அதன் பின்னால் இருக்கும் பொருளும் மாறிவிட்டதாக நம்பும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. டியூனர் கோப்பு பழைய போல்ட்டிடம் புதிய சுமையைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

அண்ணை சிரித்தார். “அப்ப மண்ணெண்ணெயிலை மிசின் ஓட்டி வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்சனாங்கள். கொஞ்சம் பெற்றோலைக் காட்டித்தான் ஸ்ராட் பண்ணுறது. மிசினிட்டை எவ்வளவு கேக்கலாம் எண்டு கைக்குத் தெரியும். இதிலை கைக்கு ஒண்டும் தெரியேல்லை, தம்பி.” பொருளாதாரத் தடைக்காலத்தில் அங்கே வளர்ந்தவர் அவர்.

பிறகு நேரக் கணக்கைப் பார்த்தோம். அந்த 50 கிலோமீட்டரையும் மணிக்கு 60இல் ஏறினால் 50 நிமிடம். முழுதும் 90இல் ஏறினால் 33 நிமிடம். லாபம் 17 நிமிடம். மூன்றாவது நடையைத் தடுத்தது மலை அல்ல, ஏலக்கூடத்தில் காத்திருக்கும் மூன்று மணி நேரம்.

கியர் கணக்கும் இருந்தது. 200 குதிரைத்திறன் வேண்டுமென்றால் 1,500 சுற்றில் எஞ்சின் 700 பவுண்ட்-அடி முறுக்குவிசை தரவேண்டும். கியரைக் குறைத்து 2,500 சுற்றுக்குக் கொண்டுவந்தால் 420 போதும். வேலை அதே வேலை, ஒவ்வோர் அடியின் கனம் மட்டும் குறைகிறது. சத்தம் கேட்டுப் பயந்து உயர்ந்த கியரிலேயே திணறி ஏறுபவர்கள்தான் கேஸ்கெட்டை அதிகம் வருத்துகிறார்கள். அண்ணையும் டீசலை மிச்சம் பிடிக்க அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் அவர் விடவில்லை. “கொம்பனிக்காரன் இவ்வளவு இழுக்கலாம் எண்டுதானே எழுதியிருக்கிறான்?”

நியாயமான கேள்விதான். அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் இழுவைச் சோதனைக்கு ஜே2807 என்றொரு விதி இருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தில், 11.4 மைல், கடும் வெயிலில், ஏசியை முழுதாக வைத்து, வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். கடினமான தேர்வு. ஆனால் வண்டி அதை எழுதுவது புதிதாக இருக்கும்போது. அண்ணை வருஷத்துக்கு நூறு முறை எழுதுகிறார், வயதான போல்ட்டுகளோடு.

டியூனரை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோடையில் வெயில் ஏறும் நாட்களில் மூன்றாவது காரை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தார். அந்தப் பருவத்தில் வருமானம் குறைந்தது, அதை மறைக்க முடியாது. ஈடுகட்ட, இரவுகளில் சர்ரேக்குள்ளேயே பழுதான கார்களை இழுக்கும் வேலைக்குப் போனார். சமதரை, சிறிய சுமை. வண்டி தப்பியது. அதற்கு வரவேண்டிய கூடுதல் சுமையை அவர் தன் தூக்கத்தின்மேல் ஏற்றிக்கொண்டார் என்பது எனக்குச் சில மாதம் கழித்துத்தான் உறைத்தது.

அதைக் கண்டுபிடித்தவள் மகள். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்துவிட்டு, வளாக நூலகத்தில் பகுதிநேர வேலைக்கு எழுதிப் போட்டாள். படிக்கிற பிள்ளை வேலைக்குப் போவதா என்று அவர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “பிள்ளையும் ஒரு போல்ட் பிடிக்குது. விடுவம்.”